பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக் கூட்டாளிகள்: வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாலை நாலரை மணிக்கு எங்கள் தெருமுனையில் பள்ளி வேன் வந்து நிற்கும். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. நாலே காலுக்கே போய் அப்பார்ட்மெண்ட் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வாள். வேனிலிருந்து இறங்கும் பிள்ளைகள் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி மாடியேறுவார்கள். கதவுகள் வரிசையாகச் சாத்தும் சத்தம் கேட்கும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே வருவாள். "எல்லாரும் டயர்டா இருக்காங்கம்மா" என்பாள், என்னைச் சமாதானப்படுத்துவதுபோல.

கணக்குக்கும் தமிழுக்கும் அறிவியலுக்கும் நானும் கணவரும் இரவெல்லாம் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தோம். கூட்டாளிகளுக்கு எந்தத் திட்டமும் இல்லை. அது தானாக நடக்கும் என்று நினைத்திருந்தோம். இன்று அவளுக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினாலு. இருவருக்கும் நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். இந்த வழியில் நாங்கள் கற்றதையும் தப்பாகச் செய்ததையும், இப்போதுதான் வீட்டுக்கல்வியைத் தொடங்கியிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். சென்னைப் புறநகரிலிருந்து எழுதுவதால் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாயும். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பள்ளிக்கூடம் யாருக்கும் நட்பைப் பாடமாக நடத்துவதில்லை. அதே முப்பது முகங்களை, அதே இடத்தில், வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைக்கிறது. நடுவில் ரீசஸ் என்று கொஞ்சம் யாரும் மேய்க்காத நேரம் கிடைக்கிறது. நட்பு அங்கேதான் முளைக்கிறது. நாம் வீட்டில் கொண்டுவர வேண்டியதும் இந்த இரண்டைத்தான்: அதே முகங்கள், மேய்ப்பாரில்லாத நேரம்.

படி 1: ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்

ஏழு நாளைக்குப் பிள்ளை யார் யாரைப் பார்த்தது, எவ்வளவு நேரம், அதில் பெரியவர்கள் நடத்தாத நேரம் எவ்வளவு என்று எழுதுங்கள். எங்கள் நோட்டு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஓவியம், நீச்சல், கீபோர்டு, யோகா, கதை சொல்லும் வகுப்பு என்று ஐந்து இடத்துக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். ஐந்திலும் சேர்த்து முப்பது பிள்ளைகளாவது இருப்பார்கள். வகுப்புக்கு வெளியே அவள் பேசிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. வகுப்பு முடியும், ஸ்கூட்டர்கள் கிளம்பும், அவ்வளவுதான்.

அந்த வாரமே மூன்று வகுப்பை நிறுத்தினேன். மிச்சமிருந்த இரண்டுக்கும் கால்மணி நேரம் முன்னால் போய், அரைமணி நேரம் கழித்துக் கிளம்பினோம். நீச்சல்குளத்துக்கு வெளியே ஈரத் தலையோடு பிஸ்கட் பங்கு போட்டுக்கொள்ளும் அந்த அரைமணி நேரத்தில்தான் அவளுக்கு முதல் கூட்டாளி கிடைத்தாள்.

பிள்ளையிடம் "உனக்கு ஃபிரெண்ட்ஸ் வேணுமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது. "ஞாயித்துக்கிழமை யாரு நம்ம வீட்டுக்கு வந்தா நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். பெயர் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரே வராவிட்டால் அடுத்த படியிலிருந்து வேலை தொடங்குகிறது. சில பிள்ளைகளுக்கு ஒரே ஒரு உற்ற தோழி போதும், சிலருக்குக் கூட்டம் வேண்டும். என் மூத்தவன் முதல் வகை. அவனுக்குக் கூட்டம் சேர்க்க நான் பட்ட பாடெல்லாம் வீண்.

படி 2: தெருவிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பலரும் தங்களைப் போன்ற குடும்பங்களைத் தேடி இருபது கிலோமீட்டர் போவார்கள். எதிர்வீட்டுப் பிள்ளையின் பெயர் தெரியாது. நான் இதைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் நட்புதான் நினைத்தபோது கிடைக்கும். அம்மா வண்டி எடுக்க வேண்டியதில்லை, தேதி குறிக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் வீட்டுக்கல்வி எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே மாதிரிப் படிப்பும் வருமானமும் உள்ளவர்கள். அவர்களோடு மட்டுமே வளரும் பிள்ளைக்கு உலகம் சின்னதாகிவிடும். இஸ்திரி போடும் அண்ணனின் மகனும், மூன்றாம் மாடி வங்கி அதிகாரியின் மகளும் சேர்ந்து ஐஸ்பாய் ஆடும் தெரு நமக்கு அவசியம்.

இதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் நேர அட்டவணையை நாம் மனப்பாடம் செய்ய வேண்டும். எங்கள் தெருவில் அது இப்படி இருந்தது: நாலரைக்கு வேன், ஐந்து முதல் ஆறரை வரை டியூஷன், சனிக்கிழமை பாதிப் பேருக்குப் பள்ளி, ஞாயிறு மாலை ஐந்துக்கு மேல் எல்லாரும் கீழே. பிப்ரவரி, மார்ச் தேர்வு மாதங்களில் ஒரு ஈ காக்கை இருக்காது. காலாண்டு, அரையாண்டு விடுமுறை நல்ல அறுவடை. மே மாதம் தங்கம். நம் வீட்டுப் பாடம் நம் கையில் இருப்பதால் அதைக் காலையிலேயே முடித்துவிட்டு இந்த நேரங்களைக் காலியாக வைக்கலாம். மே மாதத்தில் நாங்கள் பாடப்புத்தகத்தைத் தொடுவதே இல்லை. வெளியூர்ப் பயணங்களையும் ஜூன், ஜூலைக்குத் தள்ளிவிட்டோம். அப்போது டிக்கெட்டும் எளிதாகக் கிடைக்கும்.

சும்மா கீழே அனுப்பினால் மட்டும் போதாது. கையில் ஏதாவது கொடுத்து அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அது பழைய கேரம் போர்டு. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு ஸ்டூல்மேல் வைத்து, பவுடர் தூவி, அண்ணனும் தங்கையும் ஆடத் தொடங்கினார்கள். முதல் இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் டியூஷன் முடிந்து வந்த பையன் ஒருவன், பையை இறக்காமலே நின்று பார்த்தான். காய் குழியின் விளிம்பில் வந்து நின்றபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒரே ஒரு தடவை அடிக்கட்டுமா?" என்றான். ஸ்டிரைக்கரை அவன் கையில் கொடுத்தான் என் மகன். பை தரைக்கு வந்தது. மூன்றாவது வாரம் ஸ்டூலைச் சுற்றி ஏழு பேர். அசோசியேஷன் செயலாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்ததால் சத்தத்துக்காக யாரும் சண்டைக்கு வரவில்லை. இதை மறக்காதீர்கள்.

கிராமத்திலும் சிறு ஊரிலும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே சிக்கல் வேறு. "ஏன் புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல?" என்ற சந்தேகம், பிள்ளைகளைச் சேரவிடாமல் தடுக்கும். அதற்கு விளக்கவுரை உதவாது. நாலு வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து காபி குடியுங்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். உங்களைத் தெரிந்துகொண்டால் சந்தேகம் மெல்லக் கரையும்.

படி 3: "எந்த ஸ்கூல்?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்

நம் ஊரில் பிள்ளையிடம் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெயர், இரண்டாவது பள்ளி, மூன்றாவது வகுப்பு. என் மகள் இரண்டாவதிலேயே வாயடைத்து என் பின்னால் ஒளிந்துகொள்வாள். வீட்டில் உட்கார்ந்து அவளோடு பேசி, அவள் வாயாலேயே ஒரு பதில் உருவாக்கினோம்: "நான் வீட்ல படிக்கிறேன் பாட்டி. ஸ்கூலுக்குப் போயிருந்தா அஞ்சாவது." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "நீங்க சின்ன வயசுல என்ன விளையாடுவீங்க?" என்று கேட்டுவிடுவாள். பாட்டிகள் அதற்குப் பிறகு பள்ளியை மறந்துவிடுவார்கள்.

பெரியவர்கள் சட்டம் பேசினால் அந்தச் சுமை பிள்ளை தலையில் விழக்கூடாது. பதில் சொல்ல வேண்டியது நாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. வீட்டுக்கல்வியைப் பற்றி அதில் தனியாக எதுவும் சொல்லப்படவில்லை. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) மூலம் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம் என்பதைச் சொன்னாலே முக்கால்வாசிப் பேர் நிம்மதியடைவார்கள்.

படி 4: வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம்

தெரு நண்பர்கள் கிடைத்த பிறகும் தன்னைப் போலவே பள்ளி போகாத பிள்ளைகளைப் பார்ப்பதில் ஒரு தனி ஆறுதல் உண்டு. "நீயும் வீட்லயா?" என்று என் மகன் முதல்முறை கேட்டபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன்.

குடும்பங்களைக் கண்டுபிடிப்பது இப்போது அவ்வளவு கடினமில்லை. சுவசிக்ஷண் என்ற பெயரில் இந்திய அளவில் வீட்டுக்கல்விக் குடும்பங்களின் அமைப்பு ஒன்று இருக்கிறது. அங்கே கேட்டால் உங்கள் பக்கத்து ஊரில் இருப்பவர்களைத் தெரிந்துகொள்ளலாம். வாட்ஸ்அப் குழுக்களும் உண்டு. ஆனால் இருநூறு பேர் இருக்கும் குழுவில் வருஷக்கணக்கில் பாடத்திட்டம் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. அதிலிருந்து மூன்று குடும்பத்தைப் பிரித்தெடுங்கள். அரைமணி நேரத்தில் வந்துசேரக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

மூன்று குடும்பம் போதும். எங்கள் சந்திப்பு அப்படித்தான் தொடங்கியது: புதன்கிழமை காலை பத்து மணி, மாநகராட்சிப் பூங்கா, மரத்தடி, ஒரு மணி வரை. வாட்ஸ்அப்பில் "யார் யார் வர்றீங்க?" என்று கேட்கவே கூடாது என்று முதல் நாளே முடிவுசெய்தோம். கேட்டால், ஒருவர் தயங்க, அடுத்தவர் பின்வாங்க, அந்த வாரம் போய்விடும். புதன் என்றால் நாம் அங்கே இருப்போம், வருபவர் வரட்டும். மழை நாளில் யார் வீட்டில் கூடுவது என்றும் அப்போதே பேசிவைத்தோம். இடையில் ஏழெட்டு வாரம் நாங்கள் மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்திருந்தது உண்டு. அப்போது விட்டிருந்தால் இன்று பதினோரு குடும்பம் இருக்காது.

என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். முதல் மாதம் நானும் சார்ட்டும் ஸ்கெட்சும் எடுத்துக்கொண்டு போய் 'ஆக்டிவிட்டி' நடத்தினேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிறகு ஒரு கயிறு, ஒரு பந்து, குடிக்கத் தண்ணீர், பங்கிட ஏதாவது தின்பண்டம், அவ்வளவுதான். நாலு வயதுக் குட்டியும் பதிமூன்று வயதுப் பையனும் ஒன்றாகக் கொலைகொலையா முந்திரிக்கா ஆடுவதைப் பள்ளி மைதானத்தில் பார்க்க முடியாது. இங்கே பார்க்கலாம்.

பெற்றோருக்குள் ஒரு பேச்சுவார்த்தை கட்டாயம் வேண்டும். பாடமே வேண்டாம் என்பவர், நேரம் பார்த்துப் பாடம் நடத்துபவர், மதக் காரணத்துக்காக வந்தவர், பிள்ளை பள்ளியில் அடிபட்டதால் வந்தவர் எல்லாரும் ஒரே மரத்தடியில் இருப்பார்கள். அடுத்தவர் வீட்டுக் கல்விமுறையைப் பிள்ளைகள் காதுபட விமர்சிப்பதில்லை என்ற ஒரே விதி எங்கள் குழுவை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது.

படி 5: ஊரில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துங்கள்

பள்ளியில் படிக்காவிட்டாலும் நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்கும் இடங்கள் ஏராளம்.

ஜவகர் சிறுவர் மன்றம் தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. 5 முதல் 16 வயது வரை சேரலாம். பாட்டு, நடனம், ஓவியம் போன்றவை குறைந்த கட்டணத்தில், பெரும்பாலான மாவட்டங்களில் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. தனியார் வகுப்புகளில் பிள்ளைகள் மாதாமாதம் மாறுவார்கள். இங்கே வருஷக்கணக்கில் அதே முகங்கள் வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை முதலில் சொல்கிறேன்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்தும். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து போனால்தான் கூட்டாளிகள் நிலைப்பார்கள். போட்டிகளைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் நம் பிள்ளைகளால் கலந்துகொள்ள முடியாது. விளையாட்டுச் சங்கங்கள் நடத்தும் வயதுப்பிரிவுப் போட்டிகளுக்குப் பிறப்புச் சான்றுதான் முக்கியம். சதுரங்கம், சிலம்பம், நீச்சல் எல்லாவற்றிலும் அப்படி உண்டு. முதலமைச்சர் கோப்பையின் பொதுப்பிரிவில் 15 வயதிலிருந்து கலந்துகொள்ளலாம்.

சாரணர் இயக்கம் பள்ளிக்கு மட்டும் சொந்தமானதென்று பலர் நினைக்கிறார்கள். பள்ளியைச் சாராத திறந்த குழுக்களும் உண்டு. மாவட்டச் சாரணர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைத் தெரியாத வீட்டுக்கல்விக் குடும்பம் இருக்கக்கூடாது என்பது என் ஆசை. 1980இல் தொடங்கிய இயக்கம். 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அந்தப் பெயரிலேயே பல ஊர்களில் துளிர் இல்லங்கள் என்ற சிறுவர் அறிவியல் மன்றங்கள் உண்டு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் ஆய்வு செய்து சமர்ப்பிக்கலாம், பள்ளி செல்லாத பிள்ளைகளும்தான். குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வெயிலில் சேர்ந்து அலைந்தவர்கள் சீக்கிரம் பிரியமாட்டார்கள்.

இயற்கை பக்கம் நாட்டமுள்ள பிள்ளை என்றால், பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். 2015 முதல் நடக்கிறது. மொட்டைமாடியிலோ ஏரிக்கரையிலோ கால்மணி நேரம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்டு தளத்தில் பதிவு செய்தால் போதும். தெருப் பிள்ளைகளுக்கும் அன்று விடுமுறை என்பதால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கொடை கடற்கரை. 1988இல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, ஜனவரியில் தொடங்கும், பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரை, பெசன்ட் நகர்ப் பக்கம் இரவு நடை போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நள்ளிரவு நடை கஷ்டம். அவர்களை, முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைக்குக் கூட்டிப்போங்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு அலையை நோக்கித் தவழும்போது, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத பிள்ளையின் கையை என் மகள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

நூலகமும் அப்படித்தான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பகுதி அருமை. ஆனாலும் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தை விட்டுவிடாதீர்கள். வாரம் ஒரே நாளில் போனால் நூலகர் உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சமூகம் என்பது சம வயதுப் பிள்ளைகள் மட்டுமில்லையே.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாவற்றிலும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு போதும்.

படி 6: தெரிந்த முகத்தை நண்பராக்குதல்

ஒரு பெயர் இரண்டு முறைக்கு மேல் வீட்டில் அடிபட்டால், அந்த வாரமே அந்தப் பிள்ளையின் அம்மாவிடமோ அப்பாவிடமோ போன் நம்பர் வாங்கிவிடுங்கள். கூச்சம் பார்த்து நான் இழந்தவை அதிகம். "உங்க பொண்ணுக்கும் எங்க பொண்ணுக்கும் நல்லா ஒத்துப்போகுதுங்க, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவீங்களா?" இவ்வளவுதான் பேச வேண்டியது. முதல்முறை இரண்டு மணி நேரம் போதும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற நிலையிலேயே முடியட்டும். டிவியை மூடிவையுங்கள். தோசை மாவும் எண்ணெயும் கொடுத்து, பக்கத்தில் நின்றுகொண்டு அவர்களையே எழுத்து எழுத்தாகத் தோசை சுடவிடுங்கள். அதைவிடச் சீக்கிரம் பிள்ளைகளை ஒட்டவைக்கும் விளையாட்டு எனக்குத் தெரியாது.

பாதுகாப்பு விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். புது வீட்டுக்கு முதலில் நீங்களும் போங்கள். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றிய பாடத்தைப் பள்ளியில் யாரோ நடத்துவார்கள் என்று நாம் விட்டுவிட முடியாது, நாம்தான் பேச வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

படி 7: சண்டை வந்தால் விலகி நில்லுங்கள்

வீட்டுக்கல்விப் பெற்றோருக்கு இது மிகக் கடினம், ஏனென்றால் நாம் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறோம். மகளின் முதல் தோழி ஒருநாள் 'டூ' விட்டுவிட்டாள். மகள் அழுத அழுகையில் நான் அந்த அம்மாவுக்குப் போன் செய்து நியாயம் பேசினேன். பிள்ளைகள் மறுநாளே பழம் விட்டுக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு அம்மாக்களும் சகஜமாகப் பேச நாலு மாதமானது, அந்த நாலு மாதமும் பிள்ளைகள் சந்திக்க முடியவில்லை. அந்தத் தவறு இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அடி, திருட்டு, தொடர்ந்து ஒருவரை ஒதுக்குவது, சாதியையோ நிறத்தையோ சொல்லிக் கேலி செய்வது ஆகியவற்றில் மட்டும் உடனே தலையிடுங்கள். மற்றதற்கெல்லாம் மடி கொடுங்கள், மோர் கொடுங்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: பதின்வயது வேறு கணக்கு

பன்னிரண்டு வயதுக்கு மேல் நாம் ஏற்பாடு செய்யும் சந்திப்புகள் எடுபடாது. தெருப் பிள்ளைகளும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குப் போனதும் காணாமல் போய்விடுவார்கள். மூத்தவனுக்குப் பதிமூன்று வயதில் ஒரு வறண்ட வருஷம் வந்தது. அவனைச் சிரிக்கவைக்க நாங்கள் செய்த எதுவும் பலிக்கவில்லை.

உதவியது அவனுக்குக் கொடுத்த பொறுப்பும் போக்குவரத்துச் சுதந்திரமும். தனியாகப் பேருந்தில் போகப் பழக்கினோம். கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்க நூலகரிடம் அவனே அனுமதி கேட்டான். சொல்லிக்கொடுக்க வந்த இன்னொரு பையனோடு பேச்சு வளர்ந்தது. இந்த வயதில் நண்பர்களைத் தேடித் தர முடியாது, ஒரே வேலையில் தோள் கொடுக்கும் இடத்தைத்தான் காட்ட முடியும். திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அப்படிப் பதிந்தவர்களுக்குப் படிப்பு மையங்களில் நேரடி வகுப்பும் உண்டு. தவறாமல் அனுப்புங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், விளையாட்டு வீரர், பாதியில் படிப்பை விட்டு மீண்டும் வந்தவர் எல்லாரும் அங்கே பக்கத்து பெஞ்சில் இருப்பார்கள்.

இணையத்தில் கிடைக்கும் நண்பர்களை நான் ஒதுக்கமாட்டேன். வேறு ஊரில் இருக்கும் வீட்டுக்கல்விப் பையனோடு வாரம் இருமுறை ஆன்லைனில் சதுரங்கம் ஆடுகிறான் மூத்தவன். அந்தக் குடும்பத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிறகு அது நிஜ நட்பாகிவிட்டது.

படி 9: உங்களுக்கும் ஆள் வேண்டும்

பிள்ளைக்கு நண்பர்கள் அமைகிறார்களா என்பது அம்மா அப்பாவுக்குப் பேச ஆள் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. வீட்டிலேயே அடைந்து கிடக்கும் அம்மாவின் பிள்ளைக்கு ஊர் எப்படித் தெரியும்? வாரம் ஒரு மாலை பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் இரண்டு தோழிகளோடு கடற்கரைக்குப் போய்விடுவேன். ஆரம்பத்தில் குற்ற உணர்ச்சியாக இருந்தது. இப்போது இல்லை.

எல்லாம் உடனே நடக்காது. எங்கள் கணக்கில், நீச்சல்குளத்துத் தோழி உறுதியான தோழியாக ஏழு மாதம் எடுத்தது. புதன்கிழமைக் கூட்டம் நிலைபெற ஒன்றரை வருஷம். போன வாரம் நாலரை மணி வேன் வந்தபோது மகள் படிக்கட்டில் இல்லை. ஏன் என்று கீழே எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண் பையை அங்கேயே போட்டுவிட்டு, பள்ளிச் சீருடையோடு ஸ்டூலைப் பிடிக்க, இவள் கேரம் போர்டைத் தலையில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, பவுடர் தீர்ந்துபோச்சு, போடு!" என்று கீழிருந்து கத்தினாள்.